யார் கால்?

ராத்திரியில தூங்காத என் கோட்டான் மாமாவுக்கு,

நலமான்னு எழுதக் கை தானாப் போகுது. நீங்க செத்து இது முதல் பனிக்காலம். வெளியூர்ல ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற எனக்கு ஒரு குறையுமில்லை.

நேத்து போன்ல, ஊர்ல உங்க தங்கச்சிகிட்ட இருக்கிற நம்ம மக பேசினா. நீங்க பழக்கினபடியே சாயங்காலம் அத்தையும் அவளும் ஒரே போர்வைக்குள்ள கால் நீட்டி, ‘இது யார் கால்’ விளையாடினாங்களாம்.

“கண்ணை மூடித் தொட்டேம்மா. அப்பா கால்! வெடிப்பு குத்துச்சு”ன்னு சிரிக்கிறா.

உங்க தங்கச்சி போனைப் பிடுங்கி, “அண்ணி, அவ அந்தக் காலைத் தொட்டப்போ நான் எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன். போர்வைக்குள்ள அவ ஒருத்திதான்”னு அழுதா.

பிள்ளை பயப்படலை. வராதீங்கன்னு சொல்ல எனக்கும் வாய் வரலை. ஆனா கால் ஜில்லுன்னு இருந்துச்சாம், அவளுக்குச் சளி பிடிக்கும். பீரோவுல சாக்ஸ் இருக்கு, போட்டுக்கிட்டு உட்காருங்க.

வேலைக்குப் போற பஸ் வந்துடுச்சு. இங்கேயும் குளிர்தான் மாமா. பாதிப் போர்வையை விட்டுட்டுத்தான் படுக்கிறேன். என்கிட்ட மட்டும் ஏன் வரலை?