இடது கைக்கு ஒரு ஜெபம்

நம் மகளின் நைனாவுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். நேற்று ஆராதனையில் நம் பாஸ்டர் உங்கள் இடது கை குணமாக வேண்டுமென்று ஜெபம் செய்தார். சித்தூர் சபை முழுக்க ஆமென் சொன்னது. நான் சொல்லவில்லை.

சபை வாசலில் நேசகுமார் அண்ணன் வேறு, "அந்த ஒரு எடது கை குத்தாலதான் அவன் குத்துச்சண்டையில ஹெவிவெயிட் சாம்பியன். இப்போ கை செத்துப்போச்சி, இன்னா பண்றது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டம் வாங்கிய அன்று மூக்கு உடைந்தும் கடைசி ரவுண்டு வரை நின்றீர்களே, அதுவும் அந்தக் குத்துதானா?

திருப்பதி போட்டியை நானும்தான் பார்த்தேன். உங்களோடு மோதிய தணிகைவேலின் கண் சொருகிவிட்டது, கைகள் தொங்கிவிட்டன. இன்னும் ஒரு குத்து விட்டிருந்தால் பட்டம் உங்களிடமே இருந்திருக்கும். நீங்களோ கையை இறக்கிவிட்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நடுவரைக் கூப்பிட்டீர்கள். அவர் காதில் வாங்கவில்லை. அதற்குள் ரவுண்டு முடிந்து மணி அடித்தது. அடுத்த ரவுண்டில் அவன் தெளிந்து வந்து புள்ளியில் ஜெயித்துவிட்டான்.

பிறகு ஏன் எல்லோரிடமும் கைவலி என்றீர்கள்? அவன் வெற்றிக்குக் குறை வரக்கூடாதென்றா? வீட்டுக்கு வராமல் திருப்பதியிலேயே, அலிபிரி லாட்ஜில் யாருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறீர்கள்?

இன்று தணிகைவேல் சூளூர்பேட்டையிலிருந்து நம் வீட்டுக்கு வந்தான். சோறு போட்டேன். "அண்ணன் கைக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. அந்தக் கைய அவரு எறக்கிகினதாலதான் நான் உசுரோட உக்காந்து துன்னுகினு கீறேன்," என்றான்.

வரும் ஞாயிறு சபையில் எழுந்து அதையே சொல்லப்போகிறானாம், அந்த முருக பக்தன். அதற்குள் வந்துவிடுங்கள். நான் ஆமென் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கோபம் தீராத,
உங்கள் மனைவி