முதல் அடி விழாத இடம்

ஜூலை 3, புதன்

மழை. ஆபீஸுக்கு அரை நாள் மட்டம். 'தண்டவாளத்தில் தண்ணீர்' என்று காரணம் எழுதி அனுப்பினேன். மாட்டுங்காவில் குடியிருந்து, பக்கத்திலேயே இருக்கும் தாதருக்கு நடந்தே போய் வேலை பார்ப்பவனுக்குத் தண்டவாளத்தில் என்ன வேலை என்று மேனேஜர் இன்னும் கேட்கவில்லை.

நிஜக் காரணம் ஷ்யாமளா. காலையில் சமையலறை வாசற்படியில் நின்றுவிட்டாள். பசை போட்டு ஒட்டியது மாதிரி. உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, கால் வரவில்லை. பார்க்கின்சன் வந்ததிலிருந்தே இப்படித்தான். வெறும் தரையில் ஒருமாதிரி நடந்துவிடுவாள், வாசற்படியைக் கண்டால் கால் உறைந்துவிடும். டாக்டர் போன வாரம் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை விழுந்தா வீல்சேர்தான். அப்புறம் எழுந்திருக்கிறது கஷ்டம்."

நான் பக்கத்தில் நின்று தொடையில் தாளம் போட்டேன். இத்தனை வருஷ சபா ஞானமும் எனக்கு அந்தத் தொடையில்தான் சேர்ந்திருக்கிறது.

"ஏன்னா, கச்சேரி நடத்தாதேங்கோ. பிடிச்சுக்கோங்கோ."

பிடித்துக்கொண்டேன்.

அசோசியேஷன் ஆண்டு மலருக்கு வழக்கம்போல நகைச்சுவைக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 'எங்கள் வீட்டு வாசற்படிகள்' என்று ஆரம்பிக்கலாமா? சீ.

ஜூலை 9, செவ்வாய்

மேல் வீட்டுக்கு மகேஷ்குமார் என்று ஒருவர் குடிவந்திருக்கிறார். விளம்பரக் கம்பெனி. காதில் கடுக்கன், பின்னால் குடுமி. எங்கள் கட்டடத்து வைதீகர்கள் யாரிடமும் இவ்வளவு நல்ல குடுமி இல்லை. விவாகரத்து ஆனவர் என்கிறாள் எதிர் வீட்டு மாமி. ஆகப்போகிறவர் என்கிறார் வாட்ச்மேன். இந்த மாதிரி விஷயங்களில் நான் வாட்ச்மேன் கட்சி.

சாயங்காலமானால் பாட்டு போடுகிறார். பாட்டு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. குரல், கிடார் எல்லாம் மேலேயே தங்கிவிடுகின்றன. கூரை வழியாக 'தும்' என்று அடிச்சத்தம் மட்டும் இறங்குகிறது. அதுவும் விழவேண்டிய இடத்தில் விழுவதில்லை. இருட்டில் மாடி இறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போனால் வயிறு ஒரு நொடி எங்கோ போய் வருமே — அது மாதிரி, திரும்பத் திரும்ப.

ஜூலை 12, வெள்ளி

இதை எப்படி எழுதுவது.

ஷ்யாமளாவுக்கு நடைப்பயிற்சி கொடுக்க சாயிமா வந்திருந்தாள். சீத்தா கேம்ப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண், செம்பூரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். போனில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் வைத்து, அதற்குக் கால் எடுத்து வைக்கச் சொன்னாள். ஷ்யாமளா ஹால் முழுக்க நடந்தாள். சமையலறை வாசல் வந்ததும் பழைய கதை. சாயிமா போனை நிறுத்தினாள்.

அப்போது மேலே 'தும்' ஆரம்பித்தது.

ஷ்யாமளா தலையைச் சற்றுச் சாய்த்தாள். ரயிலில் யாராவது நகர்ந்து உட்கார்ந்தால் லேசாகத் தலையசைப்போமே, அப்படி. முழங்கால் இளகியது. இடுப்பு ஒரு பக்கம் போய் வந்தது. வாசற்படியைத் தாண்டினாள். தாண்டியதோடு நிற்கவில்லை. ஆடினாள். எங்கள் கல்யாணத்தில் ஊஞ்சல் ஆடவே வெட்கப்பட்டவள், காஸ் அடுப்புக்கு முன்னால் தோளை அசைத்து ஆடிக்கொண்டிருந்தாள்.

சாயிமா வாயைப் பிளந்தாள். "எங்களுக்கு அடி பலமா விழுற பாட்டுதான் வைக்கச் சொல்லிக் குடுத்தாங்க அங்கிள். இதுல அடியே சரியா இல்லியே!"

"அடி இல்லாத எடத்துலதான் கால வெக்கறேன்," என்றாள் ஷ்யாமளா. "அங்க ஆரோ நகந்து எடம் விடறா."

"யாரு ஆன்ட்டி?"

"மூஞ்சி தெரியலை. நாசூக்கா நகர்றா."

சாயிமா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஷ்யாமளா சிரிக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

மேலே போனேன். சத்தத்தைப் பற்றிச் சண்டை போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து மகேஷ்குமார் மன்னிப்பே கேட்டுவிட்டார். தாராவியில் பிறந்த தூத்துக்குடிக்காரர்.

"இது ரெகே சார். ஜமைக்கா மியூசிக். எண்ணிப் பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணுல டிரம்காரன் அடிக்க மாட்டான். காலியா விட்டுட்டு மூணுல போடுவான். அந்த ஒண்ண யாராவது போட்டாகணும்லா? நம்ம ஒடம்பு போட்டுரும். அதாம் ஆட்டம்."

"நாமதான் போடறோம்னு எப்படித் தெரியும்?"

"அவுர் கோன் சார்? ரூம்ல வேற யாரு இருக்கா?"

நியாயமான கேள்வி. உட்கார்ந்து கேட்டேன். என் தொப்பை ஆடியது — அது டீசல் பஸ்ஸுக்கும் ஆடும், கணக்கில் சேராது. ஆனால் அந்தக் காலி இடத்தில் எனக்கு ஏதோ கேட்டது. அடி இல்லை. வெறுங்காலை ஈரத் தரையிலிருந்து யாரோ எடுப்பது மாதிரி ஓர் ஓசை.

கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா? மகேஷிடம் சொல்லவில்லை. குடிவந்தவரைப் பயமுறுத்தக்கூடாது.

ஜூலை 24, புதன்

மகேஷ்குமார் ஊரில் இல்லை. மேலே பாட்டும் இல்லை. ஷ்யாமளா குளியலறை வாசலைத் தானாகவே தாண்டினாள். தாண்டுமுன் எதிரே வருகிறவருக்கு ஒதுங்குவது போல ஒதுங்கினாள். எதிரே குளியலறை மட்டும்தான்.

சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். விளக்கை எல்லாம் போட்டு வைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

விழுந்துவிட்டாள். எங்களால்தான்.

மகேஷ் ஒரு சின்ன ஸ்பீக்கர் கொடுத்திருந்தார். ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஷ்யாமளா ஆடியபடியே உள்ளேயிருந்து காராசேவு கொண்டுவந்தாள், ஒரு கை தட்டில், ஒரு கை காற்றில். சபா சிநேகிதன் பத்ரிநாராயணன் வந்திருந்தான். தாளம் போட்டே வேட்டியில் வலது தொடைப் பக்கம் தேய்த்தவன்.

"என்னவாக்கும் ஓய் இது? சமத்துல அடியே இல்லையே! அநியாயமாக்கும்!"

சமம் என்றால் தாளத்தின் முதல் அடி. எங்கள் கூட்டத்துக்கு உயிர் போனாலும் சமம் விழுந்தாக வேண்டும். பத்ரி ஓங்கிக் கொட்டினான், சரியாக அந்தக் காலி இடத்தில். அடுத்த சுற்றில் என் கையும் கொட்டியது. நான் கொட்டவில்லை. கை கொட்டியது. இரண்டு கிழட்டு உள்ளங்கைகள், பளீர் பளீர் என்று.

ஷ்யாமளாவின் தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. தனக்கு முன்னால் தரைக்கு மேலே எதையோ பார்த்தாள்.

"ஐயோ, பட்டுடுத்தே," என்றாள். எங்களைப் பார்த்து இல்லை.

அப்புறம் சரிந்தாள்.

ஜூலை 29, திங்கள்

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இடுப்பு தப்பியது. டாக்டர் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது டாக்ஸியில் சொன்னாள்: "ரெண்டு பேருமா அவா மேல கொட்டினேள்."

"ஆர் மேலடீ?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நாற்காலி வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டாள். அதுதான் பயம், வருத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். ஸ்பீக்கரில் ரெகே போட்டுப் பார்த்தோம். அசைவில்லை.

"இன்னும் வரலை," என்கிறாள். "பயந்துண்டிருக்கா."

சாயிமா என்னைத் தனியே கூப்பிட்டாள். கவலையாகத்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அங்கிள், உங்க கை."

பார்த்தேன். தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.

"வந்ததுலேர்ந்து தட்டுறீங்க. ஃபேன் சத்தத்துக்குக்கூட. ஆன்ட்டி அதையேதான் பாத்துட்டு இருக்காங்க."

இந்த வீட்டில் ஒரு அடி காலியாக இருக்க நான் எப்போதாவது விட்டிருக்கிறேனா? பேச்சில் ஓர் இடைவெளி விழுந்தால் ஜோக் போடுவேன். மௌனம் வந்தால் தொடையில் போடுவேன். அவள் என்னவோ சொல்ல வாயெடுப்பாள், அதற்குள் நான் முடித்து வைத்து, சிரித்தும் வைப்பேன்.

ஆகஸ்ட் 17, சனி

கையை நிறுத்த முடியவில்லை. கையின் மேல் உட்கார்ந்தேன், கால் தட்டியது. காலைக் கட்டிக்கொண்டேன், பல் தட்டியது. என்ன ஜன்மமோ.

ஆகஸ்ட் 24, சனி

வழி கிடைத்தது. தளும்பத் தளும்பச் சுடு காபியை டபராவில் ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தட்டினால் வெந்துபோவேன். சாயிமா பாட்டைப் போட்டாள்.

முதல் சுற்று. அந்த இடம் வந்தது. உடம்பெல்லாம் அதில் போய் விழத் துடித்தது. விடவில்லை. இரண்டாவது சுற்று. விடவில்லை. காலி இடம் காலியாகவே வந்து, காலியாகவே போனது.

அப்புறம் ஒரு சுற்றில் அது காலியாக வரவில்லை.

பிடரியில் சில்லென்றது. என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து எனக்கும் சுவருக்கும் நடுவே எதுவோ கடந்து போயிற்று. நாற்காலி சுவரை ஒட்டித்தான் போட்டிருக்கிறது. காபியில் சின்னதாக ஒரு வளையம் எழுந்து அடங்கியது. நான் ஆடவில்லை. சத்தியமாக ஆடவில்லை.

"வந்தாச்சு," என்றாள் ஷ்யாமளா.

எழுந்தாள். சாயிமா கையை நீட்டினாள், பிடிக்கவில்லை. ஹாலைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, சமையலறைக்குள் ஆடிக்கொண்டே போனாள். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. யாரோ ஏதோ சொன்னதற்குச் சிரிக்கிற சிரிப்பு. என் ஜோக்குக்கு அப்படி அவள் சிரித்ததில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

திருவோணம். மகேஷ்குமார் பவாய்க்கு வீடு மாறிவிட்டார். வாட்ச்மேன் சொன்னதுதான் சரி, விவாகரத்து கேஸ் இப்போதுதான் ஆரம்பம். ஸ்பீக்கரையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. நாற்காலியை மடித்துக் கட்டிலுக்கு அந்தப்புறம் வைத்திருக்கிறோம். டாக்டர் 'ஆச்சரியம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாத்திரையை மாற்றவில்லை.

இலையும் பூவும் வாங்க ஷ்யாமளாவே வருகிறேன் என்றாள். பாட்டு இல்லை, பிடிமானம் இல்லை. வீட்டு வாசல், கட்டடத்து வாசல், தெரு — எங்கும் நிற்கவில்லை. இடுப்பில் மட்டும் அந்த லேசான அசைவு. பார்க்கிறவர்களுக்குக் கர்வமான நடை மாதிரித் தெரியும்.

ஓரமாக நடந்தாள், வலது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. கல்யாணமானதிலிருந்து அது என் இடம். எட்டிப் போட்டுச் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன்.

"ஏன்னா," என்றாள், திரும்பாமலே, ரொம்பப் பிரியமாக. "நீங்க பின்னாலே வாங்கோ."

கையைக் கட்டிக்கொண்டு பின்னாலே போனேன்.

பூக்கடைச் சந்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தாராவியிலிருந்து வந்து பூ விற்கும் பேராச்சி, ஷ்யாமளா வருவதைப் பார்த்துக் கூடையை இழுத்து வழிவிட்டாள். ஷ்யாமளா போனாள். நான் இன்னும் பின்னால்தான் இருந்தேன், நடுவில் யாரும் இல்லை. பேராச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கூடையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். அந்த இடைவெளியில் வருவது முதலில் போகட்டும் என்று நின்று, அப்புறம் நான் நடந்தேன்.