முழுக் கிண்ணம்

மர்கிலான்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மவ்ஜூதாவுக்கு அப்துரசூலின் சலாம். தாஷ்கண்டில் நீயும் சாபிர் மச்சானும் அவர் வீட்டாரும் நலமாக இருக்க இறைவன் அருளட்டும். இங்கே நானும் சமோவாரும் நலம். நீ போனதிலிருந்து இரண்டு பேரும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுத்து ஏன் முலாம்பழம் மாதிரி இவ்வளவு பெரிசாக இருக்கிறது என்று கேட்பாய். காரணம் கீழே வருகிறது, கிழித்துப் போடாமல் படி. இதற்கு முன் மூன்று கடிதம் எழுதி நானே கிழித்துவிட்டேன். தேநீரை மூன்று தடவை கிண்ணத்தில் ஊற்றி மறுபடி கெண்டிக்கே திருப்புவோமே, அப்படி வைத்துக்கொள். குடிக்கத் தருவது இதுதான்.

பந்தலில் திராட்சை பழுத்துவிட்டது. பாதி குருவிக்கு, பாதி பக்கத்து வீட்டு தோக்தாகான் அக்காவுக்கு. அதற்குப் பதிலாக அக்கா தினமும் மான்புல் என்கிற மலை மூலிகைக் கஷாயம் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். பொண்டாட்டி போன ஏக்கத்துக்கு அது நல்லதாம். கசப்பு தாங்கவில்லை. ஏக்கமும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெருநாளன்று உன் அண்ணன் குடும்பம் மொத்தமும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, உன் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி நீட்டினேன். அரைக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் இரு என்று பொருள், முழுசாக ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். இது நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நீ கடைசிச் சொட்டுவரை குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாய். மறுநாள் காலையில் அவர்கள் வண்டியில் ஏறிவிட்டாய். கை தவறிவிட்டது என்று நான் சொன்னதற்கு, "முப்பது வருஷமா சாய்கானா நடத்தி ஊருக்கே தேநீர் ஊத்துற கை, என் கிண்ணத்துல மட்டும் எப்படிங்க தவறும்?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

உன் கிண்ணத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன வாரம் முலாம்பழம் விற்கிற நிஷான்பாய்க்கு அதே மாதிரி ஊற்றினேன். "போகச் சொல்றதுன்னா வாயால சொல்லேன்யா, எதுக்கு வயித்த ரொப்பி அனுப்புற?" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனவன் மூன்று நாள் கடைப் பக்கமே வரவில்லை. அடுத்து நம் பள்ளிவாசல் இமாம். கிண்ணம் நிறைந்து அவர் மடியிலும் வழிந்தது. நல்ல மனிதர், கோபப்படவில்லை. "அப்துரசூல், இது போன்னு சொல்ற அளவையும் தாண்டிடுச்சேப்பா, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?" என்று கேட்டு, ஈர அங்கியோடேயே என்னைக் கண் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டு கண்ணிலும் புரை, மவ்ஜூதா. வைத்தியர் சொல்லித்தான் பெயர் தெரிந்தது, ஆனால் ஒரு வருஷமாகவே எனக்குப் பார்வை மங்கல். வெள்ளைக் கிண்ணத்தில் பச்சைத் தேநீர் எனக்குத் தண்ணீர் மாதிரிதான். எங்கே நிற்கிறது என்று தெரியாது. விழுகிற சத்தத்தை வைத்தே ஊற்றிச் சமாளித்துவந்தேன். பெருநாளன்று விருந்தாளிகளோடு சேர்த்து உனக்கும் பச்சையைத்தான் ஊற்றினேன், பிள்ளைகள் போட்ட கூச்சலில் சத்தம் கேட்கவில்லை. உன்னிடம் சொன்னால் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாய் என்று மறைத்தேன். கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயமும் இருந்தது. உன்னைப் போகச் சொல்ல நான் என்ன பைத்தியமா?

இன்னொன்று சொல்கிறேன், மச்சானிடம் சொல்லிவிடாதே, தாஷ்கண்ட் முழுக்கச் சிரிக்கும். இருபத்தாறு வருஷமாக உன் கறுப்புத் தேநீரைத் தார் என்று கேலி செய்தேன். அது சூடு, பச்சைதான் குளிர்ச்சி என்று நம் வீட்டில் இரண்டு கெண்டி வைக்க வைத்தேன். வைத்தியரிடமிருந்து திரும்பிய அன்று உன் நீலப் பூப்போட்ட கெண்டியை எடுத்துக் கறுப்புத் தேயிலை போட்டு ஊற்றிப் பார்த்தேன். தெரிந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் கறுப்பு ஏறுவது பளிச்சென்று தெரிந்தது, சொன்ன இடத்தில் நின்றது. ஊற்றியதை வீணாக்கலாமா, கற்கண்டைக் கடித்துக்கொண்டு நானே குடித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதிலிருந்து தினமும் அதுதான். தோக்தாகான் அக்கா பார்த்துவிட்டு, "ஐயையோ, இவனுக்கு ஏக்கம் தலைக்கே ஏறிடுச்சு" என்று கஷாயத்தை இரண்டு வேளையாக்கிவிட்டாள்.

அடுத்த வியாழன் ஃபெர்கானாவில் வலது கண்ணுக்கு அறுவை. கண்ணில் மருந்து விட வீட்டு ஆள் ஒருவர் வேண்டும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வைத்தியர் கேட்டார். என் பெண்டாட்டி தாஷ்கண்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

மச்சானுக்கும் உன் அண்ணிக்கும் என் சலாமும் மன்னிப்பும் சொல். உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும். விரிப்பில் உன் இடத்தில் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். வந்து உட்கார், கறுப்புத் தேநீர்தான் ஊற்றுவேன். பாதிக்கு மேல் ஒரு சொட்டு விழாது.

உன்னைப் போகச் சொல்லாத,
அப்துரசூல்.