பில் போடுற பிரிவா, மூணு பேர் ரூமா

அன்பு மகள் குட்டிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்காலைத் தவிர, அது யார் பேச்சையும் கேட்பதில்லை. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறோம். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ புரோகிராம் எழுதி அனுப்பின கார் பந்தய கேமில் நான் இன்னும் முதல் தெருவையே தாண்டவில்லை. பாதி ஆயுசாக பஸ் ஓட்டுகிறவனுக்குச் சிவப்பு விளக்கைப் பார்த்தால் விரல் தானாகப் பிரேக்குக்குப் போகிறது, ஓரமாக நாலு பேர் நின்றால் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிடுகிறேன், அவர்கள் ஏறுவதில்லை. பின்னால் வந்தவனெல்லாம் கோப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கட்டுமா என்கிறாள்.

நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். கேம் பிரிவை மூடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லணும், கடைகளுக்கு பில் போடுற சாப்ட்வேர் பக்கம் போனால் இதே சம்பளம், இல்லையென்றால் கூட்டாளிகளோடு வாடகை ரூமில் மூணு பேராகச் சேர்ந்து சொந்தமாக ஒரு கேம், நீங்க சொல்றபடி செய்யறேன்ப்பா என்றாய். என் பேச்சைக் கேட்கிறேன் என்று நீ சொன்னது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் பயந்துதான் போனேன். அம்மா பில் பக்கம். கடை இருக்கிற வரைக்கும் பில் இருக்கும் என்கிறாள், அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் உன்னை அக்கவுன்ட்ஸ் படிக்க வைத்ததும் அவள்தான். நீ பாஸ் பண்ணிவிட்டு, கேமை விளையாடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கிற வேலைக்குப் போனாய். அதுக்குச் சம்பளம் வேறயா, உங்கப்பாகிட்ட நான் சும்மாவே செய்யறேனே என்றாள். அப்புறம் அந்தத் தப்பையெல்லாம் திருத்துகிற நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிட்டாய். லீவு நாளில் என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, இந்த பஸ் ஏன் வீட்டு மேலே ஏறிப் போகக்கூடாது என்று நச்சரித்தவள்தானே நீ. பழைய கம்ப்யூட்டரில் முதல்முதலாக நீ செய்த பஸ்ஸும் அப்படித்தான் போனது, டிரைவர் நீங்கதான் என்றாய், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உன் வேலை எனக்குப் புரியாது. ஆனால் முன்னெல்லாம் கார் கண்ணாடியில் மழைத்துளி எப்படி வழியணும் என்று என் காது சுடுகிற வரைக்கும் பேசுவாய். இப்போது முடிவு சொல்வதற்கு முன்னால் பார்த்துவர என்று பில் பக்கம் இரண்டு நாள் வேலை பழகப் போனாயே, எப்படி இருக்கிறது என்றேன். நல்லாத்தான் இருக்குப்பா என்றாய், போனை வைத்துவிட்டாய். அதுவும் என் காதில் விழத்தான் செய்தது. ரூமுக்கே போ. ஓடாவிட்டால் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே, இரண்டு பேருக்கும் அடி விழும்.

நீ எங்கே உட்கார்ந்தாலும் எங்கள் ஆசி உன்னோடு இருக்கும். கண் டாக்டரிடம் போக மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: இந்தப் பதிலை நேற்றே போனில் மெசேஜாக அனுப்பினேன். வேலையை விட்டுடு தங்கம், வீட்ல சாப்பாடு இருக்கு, நான் இருக்கேன் என்று எழுதினேன். விரல் ஒரு வரி தள்ளிப் பட்டதில் அது எங்கள் டெப்போ மேனேஜருக்குப் போய்விட்டது. இன்று காலை அவர் ராஜினாமா கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்.