கால் நீட்டச் சுவரில்லாத வீடு

பொங்கலுக்காக வெள்ளையடிக்க நேற்று வந்தவர் நாங்கள் பிறகு மாறிவந்த இந்த வீட்டில் என் அறைச் சுவரின் முன்னால் மட்டையும் கையுமாக நின்றுவிட்டார். "இன்னாம்மா இது, செவுத்துல குதிகால் தடமாட்டம் கீது? யாரு ஏறினது?" என்றார். அழுக்கு என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்தத் தடங்களின்மேல் ஈரச் சுண்ணாம்பு ஏறியபோது எழுந்த மணத்தில் நீ வந்து நின்றாய். நீ இருந்திருந்தால் அவரிடம் உண்மையைச் சொல்லி, கூடவே அவரையும் படுக்க வைத்திருப்பாய்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியின் செக்கிங் மேஜையில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவது, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது. உட்கார ஸ்டூல் கிடையாது. சேர்ந்த இரண்டாவது வருஷம் என் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டது. "தினமும் வீட்டுக்குப் போனதும் காலைச் செவுத்துல தூக்கி வெச்சுப் படுக்கணும். இல்லேன்னா நிக்கிற வேலையை மறந்துடும்மா" என்றார் டிஸ்பென்சரி டாக்டர். வேலை போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அப்பா இல்லாத வீடு. என் சம்பளம் நின்றால், அத்தை கொண்டுவரும் முதல் வரனுக்கே நான் தலையாட்ட வேண்டும். வாடகை நூலகத்துப் புத்தகங்களும் அதோடு சரி.

இவ்வளவு தெரிந்தும் நான் படுக்கவில்லை. ரயில் தாமதம், துணி ஊற வைத்திருக்கிறது, இன்றைக்கு வலி இல்லை. தினமும் ஏதோ ஒன்று. மறுநாள் திருமுல்லைவாயில் பிளாட்பாரத்தில் நீ கேட்பாய்: "நேத்து படுத்தியா?" நான் "ம்" என்பேன். நீ குனிந்து என் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துவாய். பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். "வாயி பொய் சொல்லும்டி. இது சொல்லாது."

எனக்கு எரிச்சலாக வரும். அதைவிட அதிகமாகச் சந்தேகம் வரும். என் காலைப் பற்றி உனக்கென்ன? நான் படித்த நாவல்களில் காரணமில்லாமல் யாரும் யாருக்கும் நல்லது செய்ததில்லை. சூப்பர்வைசர் சொல்லி என்னைக் கவனிக்கிறாயோ என்று நினைத்தேன். ஒருநாள் "எங்க ஊட்டுக்கு வந்து படேன்" என்றாய். ஓகோ, மாதா கோவிலுக்குக் கூப்பிடப் போகிறாய், அடுத்தது ஜெபமாலை என்று முடிவே கட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஏன் படுக்க முடியாது என்பதற்கு நான் வைத்திருந்த காரணம் மட்டும் பலமானது. ஒரே அறை. கிழக்குச் சுவரில் சாமி படங்கள். தெற்கில் மாலை போட்ட அப்பா. வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹவுஸ் ஓனர் வீட்டுப் பூஜை அறை. எந்தப் பக்கம் காலை நீட்டினாலும் யாருக்காவது அவமரியாதை. அதை உன்னிடம் சொன்னபோது ஜெயித்துவிட்டதாகவே எண்ணினேன். நீ நேராக வந்து அறையைச் சுற்றிப் பார்த்தாய்.

"கதவு கீதே" என்றாய்.

"இன்னாடி உளர்ற?"

"கதவ சாத்து. கதவு மேல வெய்யி. கதவுல எந்தச் சாமி கீது?"

மேற்குச் சுவர் முழுவதும் வாசல் கதவும் ஜன்னலும்தான். கம்பெனி விட்டு நாம் வந்து சேர்வதோ விளக்கு வைக்கும் நேரம். அந்த வேளையில் வாசல் கதவைச் சாத்தினால் லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்பது அம்மாவின் உறுதி. "கொஞ்ச நேரம் வெளிய நிக்கட்டும் ஆன்ட்டி, எங்களயுந்தான் காலைலேர்ந்து நிக்க வெக்கிறாங்க" என்று நீ சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் படுத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காம்பவுண்டில் எங்கள் கதவு மட்டும் அந்நேரத்தில் சாத்தியிருப்பதை ஹவுஸ் ஓனர் அம்மா கவனித்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்கு, கல்யாணமாகாத பெண் ஒருத்தி காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பது தெரிந்தது. எங்கள் வரிசையில் கடைசி வீட்டு மருமகளுக்குக் கரு தங்க வேண்டுமென்று, கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்துப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் அதையும் இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். அம்மாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டார்: "எத்தினி மாசம்?"

அம்மா வந்து என் முன்னால் நின்றதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். வயிற்றைப் பார்த்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும், இருந்தும் பார்த்தாள். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஒரு நிம்மதிதான் வந்தது. இனி யாரும் என்னைப் படுக்கச் சொல்ல முடியாது என்கிற நிம்மதி.

நீ விடவில்லை. மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, பாவாடையை இறுக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்கி வைத்தாய். ஜன்னலில் ஹவுஸ் ஓனர் அம்மாவின் நிழல் ஆடியதும் குரல் கொடுத்தாய்:

"ஆன்ட்டி, உள்ள வாங்க. உங்களுக்குந்தான் காலு வீங்கிக் கீது. படுங்க."

"நான் ஏண்டி படுக்கணும்?"

"சும்மா படுங்க ஆன்ட்டி. யாராவது வந்து எத்தினி மாசம்னு கேட்டா, நான் பதில் சொல்லிக்கிறேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னல் காலியானது. அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அந்தக் காம்பவுண்டில் யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் நானும் கேட்டேன். "உனக்கு இதுல என்ன கிடைக்குது?" கூரையைப் பார்த்தபடியே சொன்னாய்: "நீ வேலைலேர்ந்து நின்னுட்டா அந்த எடத்துல வேற எவளாவது வருவா. அவ கத சொல்லமாட்டா." மேஜையில் குனிந்தபடி நான் படித்த நாவல்களை வாரக்கணக்கில் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது. பிறகு சொன்னாய்: "எல்லாரயும் சந்தேகப்படுற. 'இன்னிக்கு வேணா, நாளிக்குப் பாத்துக்கலாம்'னு உள்ள ஒண்ணு சொல்லுதே, அத்த மட்டும் எப்டிடி அப்டியே நம்புற?"

அந்தக் குரலை அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். அது என்னிடம் ஒருநாளும் அதட்டிப் பேசியதில்லை. என்மேல் அக்கறை உள்ளதுபோலவே பேசும். பாவம், களைத்திருக்கிறாய் என்னும். அக்கறையோடு பேசிய உன்னைத் துருவித் துருவிப் பார்த்த நான், இதை வாசலிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டதில்லை.

உன்னிடம் பேசிய குரலை நீ சந்தேகப்படவில்லை. "கண்ணு மஞ்சளாத் தெரியுதுடி" என்றேன். "வெயிலுக்கு அப்டித் தெரியுது" என்றாய். ஷிப்மெண்ட் முடியட்டும் என்றாய். ஷிப்மெண்ட் முடிந்தது, ஆஸ்பத்திரியில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பிய அன்று என் இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. இன்றைக்கு வேண்டாம் என்றது எனக்குள் இருந்த குரல். சிநேகிதியை மண்ணில் வைத்துவிட்டு வந்து தன் காலைக் கவனிப்பவள் என்ன மனுஷி என்றது. அதுவரை அது சொன்னதிலேயே மிகவும் கௌரவமான சாக்கு. அதனாலேயே சந்தேகம் வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். படுத்தபடி அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும் என்று அன்று தெரிந்தது. அம்மா ஏற்றாத விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறக்கச் சொல்லாமல் ஓரமாக நின்றாள்.

இன்னும் நான் நிற்கிற வேலையில்தான் இருக்கிறேன். மனிதர்கள் மேல் உள்ள சந்தேகம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அதில் ஒரு பங்கை எனக்கென்று எடுத்துவைக்கிறேன், அவ்வளவுதான். குரலும் ஓயவில்லை; என்னோடு சேர்ந்து படித்துப் படித்து நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது. இதோ, இருட்டிக்கொண்டு வருகிறது. இன்னும் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் படுக்கலாம், அவளுக்காகத்தானே என்கிறது. உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறது.

நம்பவில்லை. இத்தோடு நிறுத்துகிறேன்.