கிராமபோன் நன்றாகத்தான் பாடியது

பிரிக்பீல்ட்ஸ், 1934 ஆடி 9.

அன்புள்ள சீதாலெட்சுமிக்கு,

முருகன் அருளால் இங்கு சுகம். உன் காய்ச்சல் தணிந்ததா? மகள் ரமணி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ரயில் பட்டறையில் நாள் முழுக்கப் பாய்லருக்கு ஆணி அறைகிறேன். வேலை முடிந்ததும் கிளார்க் கனகலிங்கம் வீட்டு கிராமபோனில் இரண்டு பாட்டுக் கேட்டால்தான் மறுநாளைக்குத் தெம்பு வரும். போன சனிக்கிழமை சத்தம் மிகவும் குறைவாக இருந்தது.

"ஊசி தேஞ்சு போச்சா, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் புது ஊசி மாட்டினார். அப்போதும் பாட்டு எங்கோ தூரத்தில்தான் கேட்டது. அவர் கிராமபோனை நிறுத்திவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"பக்கிரிசாமி, பெட்டி நல்லாத்தான் பாடுது. உமக்குத்தான் கேக்கேல்லை."

பயப்படாதே. ஓயாத சம்மட்டிச் சத்தத்தால் பாய்லர் வேலைக்காரர்களுக்கு இது சகஜம் என்கிறார் டாக்டர். கிட்டே நின்று பேசினால் கேட்கிறது. வேறு வேலை கேட்டிருக்கிறேன்.

இங்கிருந்து ஊருக்கு வந்திருக்கும் கன்னையா கப்பலில் திரும்பும்போது, காதில் விடப் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் கொஞ்சம் கொடுத்தனுப்பு. எனக்கு லீவு கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும். தபாலுக்கு நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன். ரமணி பாடுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அவளைச் சத்தமாகப் பாடப் பழக்கு.

உன்
பக்கிரிசாமி