பதுளைக் கடையில் பாவித்த மிரர்லெஸ்

என்னங்க,

கமரா வாங்கப் பதுளைக்குப் போகிறேன்! கடைக்காரர் இப்போதுதான் போன் பண்ணினார். நான் கேட்ட அந்தப் பாவித்த சின்ன மிரர்லெஸ் கமரா இன்னும் விற்கவில்லையாம். நீங்கள் சொன்ன பெரியதும் நல்லதுதான். ஆனால் கல்யாண வீடுகளில் படம் எடுக்க அதைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது நான்தானே? நேற்று “ஒன் இஷ்டம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே, அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு இராக்கம்மா அக்காவிடம் கொடுங்கள்.

தனுஜா

பி.கு.: நீங்கள் தூங்குவதை நம் சின்னக் கமராவில் எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் போதாமல் மூக்கு மட்டும்தான் தெரிகிறது!

இன்னொன்று: சாயந்திரத்துக்குள் சவரம் செய்துவிடுங்கள். மிரர்லெஸ்ஸில் முதல் படம் உங்களைத்தான் எடுப்பேன், கோபமாக இருந்தாலும்.